கச்சான் காற்றில் கரடி தேடி: தீரியாய்க் காட்டுக் குறிப்புகள்

வெள்ளி, திருகோணமலை நகரம்

கரடி வேட்டை என்றால் இங்கே கமரா வேட்டைதான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி கரடியைச் சுடுவதும், பிடிப்பதும், தோலோ நகமோ வைத்திருப்பதும் குற்றம். இலங்கையில் உள்ள கரடி தனிக் கிளையினம். உலர் வலயத் தாழ்நிலக் காடுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அருகிவரும் உயிர்களின் தேசியப் பட்டியலில் ஆபத்தான நிலையில் உள்ளவற்றோடு சேர்த்திருக்கிறார்கள். துவக்கு இல்லாவிட்டாலும் வேட்டைக்காரனுக்கு வேண்டிய எல்லாம் இதற்கும் வேண்டும்: தடம், காற்று, தீனி, தண்ணீர், பொறுமை. முதற்கரடியைக் காண விரும்புகிறவர்களுக்காக நாளுக்கு நாள் எழுதுகிறோம்.

காலம் முதலில். ஆனிக் கடைசியும் ஆடி முதலும்தான் சரி. மாரி மழை ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓய்கிறது. அதன்பின் சின்ன மோட்டைகள், அதாவது காட்டுக் குட்டைகள், ஒவ்வொன்றாக வற்றி, ஆனியில் காட்டுக்குள் தண்ணீர் உள்ள இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாலைப்பழமும் அதே நாட்களில்தான் பழுக்கிறது. மற்ற மாதங்களில் பெரும்பாலும் இரவில் நடமாடும் கரடி, பாலைப்பழத்துக்காகப் பகலிலும் வெளியே வரும். மழை பெய்யும் மாதங்களில் தண்ணீர் எங்கும் கிடக்கும், பற்றை அடர்ந்திருக்கும், தேடிப் பயனில்லை.

அனுமதி இரண்டாவது. ஒதுக்கக் காடு என்றால் வன இலாகா, சரணாலயம் என்றால் வனசீவராசிகள் திணைக்களம். எந்தக் காடு எவர் பொறுப்பு என்பதை நகரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டி வைக்கும் தானியங்கிக் கமராவுக்கு அனுமதி தனியாக எடுக்கவேண்டும்.

சாமான்: ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் தண்ணீர். 8x42 தொலைநோக்கி. குறைந்தது 400 மி.மீ. லென்ஸ். முக்காலிக்குப் பதிலாக ஒரு கிலோ பயறு நிரப்பிய துணிப்பை. பாறையில் வைத்தால் ஆடாது, சத்தமும் வராது. மங்கிய பச்சை அல்லது மண்ணிறச் சட்டை, நீளக்கை. கனத்த காலுறை, அதற்குள் காற்சட்டை நுனியைச் செருகவேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சிற்றுண்ணி காட்டுப் புல்லில் கொத்துக் கொத்தாக இருக்கும், ஒருமுறை தொடைவரை ஏறிவிட்டால் கிழமைக்கணக்கில் சொறியவேண்டிவரும். சவர்க்காரம், சென்ட், தைலம் மூன்றையும் முதல்நாளே நிறுத்துங்கள். கரடியின் கண்ணும் காதும் மந்தம். மூக்கு மட்டும் அப்படியில்லை.

கடைசியாக, விறகுச் சாம்பல் ஒரு கைபிடி, மெல்லிய பருத்தித் துணியில் முடிந்தது. இதன் பயன் திங்களன்று வரும்.

சனி, தீரியாய்

உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி என்று புல்மோட்டை வீதி கடலை ஒட்டியே ஓடுகிறது. தீரியாய்ச் சந்தியில் மேற்கே திரும்பியதும் கடற்காற்று போய்க் காட்டு வெக்கை தொடங்கும். வயலும் குளமும் தாண்டினால் பாலை, வீரை, முதிரை, விண்ணாங்கு, இடையிடையே கருங்காலி. ஊரில் தேன் எடுத்துப் பழகிய ஓர் ஐயா வழிகாட்டியாக வருகிறார். அப்படி ஒருவர் இல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒற்றையடிப் பாதைகள் எந்தப் படத்திலும் இல்லை. போர் நடந்த மாவட்டம் இது. கண்ணிவெடி எச்சரிக்கும் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் அப்பால் ஓரடியும் வைக்கக்கூடாது.

முதலில் கால்தடம். மோட்டைக் கரையின் ஈரமண்ணில் பின்காலின் தடம் ஒரு சிறுபிள்ளையின் பாதம் போலவே இருக்கும், நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. மனிதத் தடத்தோடு குழப்பாமல் இருக்க மூன்று பாருங்கள். விரல்கள் வளைவாக இல்லாமல் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். பெரிய விரல் உட்புறம் இல்லாமல் வெளிப்புறம் இருக்கும். விரல்களுக்கு இரண்டு, மூன்று விரற்கடை முன்னால் நகக்குறிகள் தனிப்புள்ளிகளாகக் குத்தியிருக்கும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் தடத்தில் நகக்குறியே விழாது. முன்காலில் குதிப்பகுதி சரியாகப் பதியாது, அகலம் மட்டும் தெரியும்.

அடுத்தது கறையான் புற்று. இன்று அதிக நேரம் போனது இதில்தான். கிண்டிய புற்றெல்லாம் கரடி கிண்டியதல்ல. எறும்பு தின்னும் அழுங்கு தோண்டினால் வட்டமான, ஒடுங்கிய, சுத்தமான துளை. பன்றி மேல்மண்ணை அகலமாகப் புரட்டும், ஆழம் போகாது. கரடி தோண்டினால் கூம்பு வடிவில் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம், பெரிய மண்கட்டிகள் பின்னால் எறிந்து கிடக்கும், பள்ளத்தின் சுவரில் நகம் இழுத்த கோடுகள் அருகருகே நிற்கும். இன்று கண்ட ஒரு புற்று இடுப்பளவு உயரம். மேற்குப் பக்கம் உடைத்திருந்தது. ஐயா குந்தியிருந்து உடைந்த விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினார்: கறையான் ஈரமண் வைத்து அறைகளை அடைத்துக்கொண்டிருக்கிறது, பூச்சு கறுப்பாகவும் ஈரமாகவும் ஒட்டுகிறது, பாதி அறைகள் இன்னும் திறந்தே இருக்கின்றன. அப்படியானால் கிண்டியது நேற்றிரவு. பூச்சு முடிந்து சாம்பல் நிறமாகக் காய்ந்திருந்தால் பல நாள் பழசு. கரடியின் நேரத்தை இதைவிட நன்றாகச் சொல்லும் அடையாளம் காட்டில் வேறில்லை.

எச்சமும் நேரம் சொல்லும். பழக்காலத்தில் குவியலாக, புளித்த வாடையோடு, முழுவதும் பாலை விதையும் வீரை விதையும். பழம் இல்லாதபோது கறுத்து, மண் கலந்து, குச்சியால் கிளறினால் கறையானின் தலைகள் பளபளக்கும். கச்சான் வெயிலில் அரை நாளில் மேல் காய்ந்துவிடும், ஆகவே மேலே ஈரமும் சாணவண்டும் இருந்தால் அந்தக் கரடி கிட்டத்தில் படுத்திருக்கிறது என்று எடுத்து, குரல் கொடுத்துக்கொண்டு விலகுங்கள்.

குரல் கொடுப்பது முக்கியம். கரடி தாக்குவது பசியால் அல்ல, திடுக்கிடுவதால். பகலில் பற்றைக்குள்ளோ பாறை இடுக்கிலோ அயர்ந்து தூங்கும். சில அடி தூரத்தில் மனிதன் மிதிக்கும்வரை அதற்குத் தெரியாது. எழும்பும்போதே அடி. சத்தமில்லாமல், தனியாக, தேனோ விறகோ தேடிப் போகிறவர்தான் பெரும்பாலும் அகப்படுகிறார். ஆகவே அடர்பற்றையில் நான்கு பேராவது ஒட்டி நடந்து, கதைத்துக்கொண்டே போகவேண்டும். பார்க்கவேண்டிய இடத்துக்கு வந்தபின் வாய்மூடினால் போதும்.

நேரே எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், அது உங்களைவிட வேகம். மரம் ஏறுவதும் வீண், அதுவும் ஏறும். எல்லோரும் ஒன்றாக நெருங்கி நின்று மெல்லப் பின்வாங்குங்கள். கரடி இரண்டு காலில் எழும்பி நின்றால் உடனே பாயப் போகிறது என்று பொருளல்ல, வாடை பிடிக்கிறது. மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, முகத்தை மண்ணில் வைத்து, விரல் கோத்து பிடரியை மூடுங்கள், முதுகுப்பை முதுகிலேயே இருக்கட்டும். அது குறிவைப்பது முகத்தையும் தலையையும். போனபின்னும் சில நிமிடம் அசையக்கூடாது. காயத்தில் தோல் உரிந்து தொங்கினால் வெட்டி எறியாமல், இருந்த இடத்தில் வைத்துச் சுத்தமான துணியால் இறுக்கிக் கட்டி, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்பு ஊசியும் விசர்நாய்த் தடுப்பூசியும் போடவேண்டும், கேட்டு வாங்குங்கள். காட்டுக்குள் பல இடத்தில் ஃபோன் சிக்னல் இல்லை என்பதால் எந்த மேட்டில் கிடைக்கிறது என்று போகும்போதே குறித்து வைக்கவேண்டும்.

ஞாயிறு, பாலை மரங்கள்

பாலைப்பழம் ஒவ்வொரு வருடமும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. இந்த வருடம் நடுத்தரம். மஞ்சள் நிறம், சுண்டுவிரல் நுனியளவு, ஒரே விதை, தின்றால் உதடு பாலில் ஒட்டும். பழுத்த மரத்தைத் தேட மேலே பார்க்காமல் கீழே பாருங்கள்: ஒடிந்த கிளைகள், பழம் பொறுக்க வந்த மான் புழுக்கை, பன்றி உழுத மண். குரங்கு ஒடிப்பது நுனிக்கொப்பு. மணிக்கட்டுப் பருமனான கிளை முறிந்து தொங்கினால் மேலே இருந்தது கரடி.

பட்டையிலும் எழுத்து உண்டு. ஏறும்போது நகம் குத்திய புள்ளிகள் கூட்டம் கூட்டமாகக் கவடு வரை போகும். இறங்கும்போது பின்புறமாகச் சறுக்கி வருவதால் நீளமான இழுவைக் கோடுகள். கரடியின் நகம் மழுங்கியது, தடித்தது, ஆகவே கோடும் தடிப்பாக இருக்கும். சிறுத்தை கீறிய கோடு கத்தி போல் மெல்லியதாக, ஆள் உயரத்துக்குள் நின்றுவிடும். கோட்டின் உள்ளே பால் கசிந்து வெள்ளையாக இருந்தால் புதியது, பிசினாகி மண்ணிறமானால் பழையது.

மரத்தின் கீழே காத்திருப்பது என்ற யோசனை பலருக்கு வரும். வேண்டாம். மரத்தில் இருக்கும் கரடி உங்களை வாடை பிடித்தால் இறங்கி ஓட ஒரே வழி அந்த அடிமரம்தான்.

பிற்பகலில் மேற்குப் பக்கம் போகும் பாதையில் முழங்கால் உயரத்தில் ஒரு மெல்லிய கம்பி, குறுக்கே. கட்டுத்துவக்கு. மரத்தோடு கட்டிய இரும்புக் குழாய், கம்பி இழுபட்டால் வெடிக்கும். பன்றிக்கென்று வைக்கிறார்கள், கரடியும் சிறுத்தையும் மனிதனும் அகப்படுகிறார்கள். இதைக் காணும்போது எங்களுக்கு வரும் கோபத்தை எழுதி முடியாது. அவிழ்க்க முயலாதீர்கள். வந்த காலடியிலேயே திரும்பி, இடத்தைக் குறித்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அறிவியுங்கள். காட்டுப் பாதையில் முன்னால் போகிறவர் நீளமான மெல்லிய தடியைச் சரித்து, நுனி தரைக்கு ஓரடி மேலே இருக்கப் பிடித்துக்கொண்டு போவது இதற்காகத்தான். தடி கம்பியில் முட்டியதும் நிற்கவேண்டும், தள்ளக்கூடாது. சுருக்குக் கம்பிகள் இன்னும் தாழ்வாக, பற்றை இடைவெளிகளில் இருக்கும்.

மிச்சப் பகலை அந்தப் பக்கம் போகாமலே கழித்தோம்.

திங்கள், மோட்டை

நடந்து தேடுவதைவிட உட்கார்ந்து பார்ப்பது ஏன் நல்லது என்பதற்கு ஓர் ஆராய்ச்சி உண்டு. வஸ்கமுவ தேசியப் பூங்காவில் கழுத்துப்பட்டி மாட்டித் தொடர்ந்தபோது, பெண் கரடியின் வசிப்பிடம் சராசரி 2.2 சதுர கிலோமீற்றர், ஆணுக்கு 3.8 என்று கண்டு 2007இல் வெளியிட்டார்கள். அத்தனை சின்ன இடத்துக்குள் தீனியும் தண்ணீரும் கிடைத்தால் கரடி வெளியே போகாது. ஆகவே புதிய புற்று, புதிய எச்சம், பழுத்த பாலை, வற்றாத மோட்டை, நான்கும் ஒரு கிலோமீற்றருக்குள் அமைந்தால், போய் அமர்வதுதான் வேலை. மோட்டையின் பெயரை இங்கே எழுதமாட்டோம். இடம் தெரிந்தால் துவக்கும் வரும்.

இனிக் காற்று. கச்சான் தென்மேற்கிலிருந்து வீசுவதால் மோட்டையின் வடகிழக்குக் கரையில் இருந்தால் வாடை பின்னால் போய்விடும். ஆடி மாதச் சூரியன் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து விழுவதால் ஒளி வலப்பக்கமாக வரும், லென்ஸுக்கு நேரே வராது. தண்ணீரிலிருந்து 60 மீற்றருக்குக் குறையாமல், முதுகுக்குப் பாறையோ பெருமரமோ உள்ள இடம். வந்த ட்ராக்டர் 300 மீற்றரில் கிழக்கே நிற்கட்டும். யானை வந்தால் ஒதுங்க ஒரு வழி வேண்டும், இந்தக் காட்டில் கரடியைவிட யானைக்குத்தான் பயப்படவேண்டும்.

4 மணிக்கு அமர்ந்தாயிற்று. 10 நிமிடத்துக்கு ஒருமுறை சாம்பல் முடிச்சைத் தட்டிப் பார்க்கவேண்டும். புகை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உங்கள் வாடையும் போகிறது. 5 மணிவரை சரியாக முதுகுப்பக்கம் போனது. பிறகு கச்சான் ஓய்ந்து, கடற்காற்று மெல்ல உள்ளே திரும்பியது. சாம்பல் நேரே மோட்டையின் மேல் மிதந்தது. 6 மணிக்குச் சற்று முன் தென்கரைப் பற்றைக்குள் ‘ஹுஃப்’ என்று ஒரே ஒரு ஊதல், சருகு நொறுங்கும் சத்தம், அவ்வளவுதான். கரடி வந்தது, வாடை பிடித்தது, போய்விட்டது. இன்றைக்கு அது தண்ணீர் குடிக்காமல் போனது எங்களால்.

கரையோரக் காட்டில் இது அடிக்கடி நடக்கும். கடலிலிருந்து 10 கிலோமீற்றருக்குள் இருந்தால் மாலைக் காற்றை நம்பாதீர்கள். கச்சான் பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று உள்ளே வர முடியாது, ஓய்ந்து அடிக்கும் நாளில் வரும். ஆகவே நண்பகலில் மரநுனிகளைப் பாருங்கள். விடாமல் ஆடினால் மாலை அமரலாம். விட்டுவிட்டு ஆடினால் விடிகாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயா திரும்பும் வழியில் சொன்னது: “தம்பி, காத்து நிண்டா நாங்களும் எழும்பிப் போகோணும். இருந்து பாத்தா அதுக்கும் தண்ணி இல்ல, எங்களுக்கும் படமில்ல.”

செவ்வாய், கரடி

நண்பகலில் பாலை நுனிகள் நிற்காமல் ஆடின. ஆகவே மாலையே. வளர்பிறை நாட்களைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: சூரியன் விழும்போதே நிலவு மேலே நிற்கும், திரும்பிப் போகும் வழியில் யானையை முன்கூட்டிக் காணலாம்.

5:40க்கு முதலில் கேட்டது சத்தம். தென்மேற்கே, நூறு மீற்றருக்கு மேல் இருக்கும். ‘ஃபூ, ஃபூ’ என்று இரண்டு ஊதல், உடனே ஒரு நீண்ட உறிஞ்சல். கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லை. அண்ணம் குழிந்தது, உதடு நீண்டு குழாய்போல் குவியும், மூக்குத்துளையை மூடிக்கொள்ளும். முதலில் மண்ணை ஊதித் தள்ளி, பிறகு இடைவெளி வழியாகக் கறையானை இழுக்கிறது. இந்தச் சத்தம் கேட்டால் அது தீனியில் இருக்கிறது, உங்களை அறியவில்லை. சத்தம் நின்றால் நீங்களும் அசைவை நிறுத்துங்கள்.

6:10க்குப் பற்றை விலகியது. முதலில் வெளிறிய மூக்கு, பிறகு தோளின் சடை. தலை தாழ்த்தி, முன்பாதங்களை உட்பக்கம் வளைத்து, உருண்டுகொண்டு வந்தது. தண்ணீருக்குப் பத்து மீற்றர் இருக்கும்போது ஒரு பட்ட கட்டையைக் கண்டு நின்றது. முன்நகங்கள் தந்தநிறம், விரல் நீளம். ஒரு கையால் கட்டையைப் பிடித்து மறுகையால் பட்டையை உரித்தது. அந்தக் கையில் அவசரமே இல்லை. பட்டை கழன்றதும் மூக்கை வைத்து உறிஞ்சி, கட்டையைப் புரட்டி மறுபக்கமும் பார்த்தது. பிறகு தண்ணீரில் முன்காலிரண்டும் வைத்து நெடுநேரம் குடித்தது. நிமிர்ந்தபோது நெஞ்சில் வெள்ளை வளைவு முழுதாகத் தெரிந்தது, இடப்பக்க நுனி மெலிந்து முறிந்தாற்போல்.

கமராவுக்கு இதுதான் கடினமான உருவம். கறுப்பு உரோமம் சட்டத்தை நிறைத்தால் கமரா இருட்டென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டும், கரடி சாம்பல் நிறமாகிவிடும், ஆகவே ஒளித்திருத்தத்தை மைனஸ் 1 வரை இறக்குங்கள். கரடி தூரத்தில் சிறிதாக இருந்து பின்னால் தண்ணீர் மின்னினால் நேர்மாறு, அது கருங்குழியாகிவிடும், பிளஸ் 1 வேண்டும். குவியத்தை உரோமத்தில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், வெளிறிய மூக்கு விளிம்பில் வையுங்கள். 6:10க்கு எஃப் 5.6, 1/320, ஐஎஸ்ஓ 1600 போதியதாக இருந்தது, 6:25க்கு 1/160, ஐஎஸ்ஓ 3200. சத்தமில்லாத ஷட்டர் கட்டாயம். ஃபிளாஷ் கூடவே கூடாது. குட்டியோடு தாய் வந்தால், குட்டி முதுகில் சவாரி செய்வதைக் கண்டாலும், கமராவைத் தூக்கவே வேண்டாம், அப்படியே இருங்கள்.

கரடி மோட்டையைச் சுற்றி மேற்கே போனது. அது போய் 15 நிமிடம் வரை எவரும் எழும்பவில்லை. எழும்பினால் அது நின்று திரும்பிப் பார்க்கும், அடுத்த முறை அந்தக் கரைக்கு வரத் தயங்கும். பிறகு கிழக்கே, குரல் கொடுத்துக்கொண்டு, டோர்ச் தரையில் பிடித்து, ட்ராக்டர் வரை.

புதன், திரும்பும் வழி

காலையில் அதே மோட்டைக்குப் போய்த் தடத்தை அளந்தோம். ஈரமண்ணில் பின்கால் அகலத்தை அளந்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து நேர்மேலிருந்து படம் எடுத்தால் பிறகு ஒப்பிட உதவும். நெஞ்சு வளைவு கரடிக்குக் கரடி வேறுபடுவதால் அதன் வடிவத்தைத் தாளில் வரைந்து வையுங்கள். தேதி, நேரம், காற்றின் திசை, நிலவு, பழநிலை, என்ன தின்றது, எங்கிருந்து வந்தது, எங்கே போனது, இவ்வளவும் அன்றே எழுதவேண்டும். மறுநாள் எழுதினால் நேரம் அரை மணி தள்ளிப்போகும்.

படத்தை எவருக்கும் அனுப்ப முன் கோப்பில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலை அழித்துவிடுங்கள். அலைபேசியில் எடுத்த படங்களில் இது தானாகவே பதிந்திருக்கும், அதை அழிக்க மறப்பவர்களே அதிகம். பின்னணியில் தெரியும் பாறை, குளக்கட்டு, துருசு (மதகு) போன்றவையும் ஊர்க்காரருக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும், தேவையானால் வெட்டுங்கள். துல்லியமான இடம் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு, கட்டுத்துவக்கு கண்ட இடத்தோடு சேர்த்து, எழுத்தில் கொடுக்கப்பட்டது. கையொப்பமிட்ட ஒரு பிரதியை வாங்கி வைத்திருக்கிறோம்.